மதலேனாள் திட்டியதாக

தபால்காரர் வந்து நின்றபோது மரிய சுகந்தி தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். உறையில் புருஷன் லியோ பிரகாஷின் கையெழுத்து. எப்போதும்போல அவன் அம்மாவின் பெயருக்குத்தான் எழுதியிருந்தான்: மதலேனாள், கரிக்கலாம்பாக்கம். மதலேனாளை அடக்கம் பண்ணி, முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. சுகந்தி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள்.

அம்மா போனது லியோவுக்குத் தெரியாது. எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து அவன் பனிமலை உச்சியில் ஒரு பங்கரில் இருந்தான். மேலே ஏறும்போதே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாராவது கீழே இறங்கினால் கொடுத்தனுப்பும் கடிதம் மட்டும்தான் வரும். அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மதலேனாளின் மூச்சு நின்றபோது, மாமனார் பாஸ்கல் ஆம்புலன்ஸிலேயே முடிவெடுத்துவிட்டார்.

"அவனுக்கு இப்ப சொல்லாத சுகந்தி. யூனிட்டுக்கும் யாரும் சொல்லக் கூடாது. துப்பாக்கியப் புடிச்சிக்கினு பனிப்பாறைல நிக்கிறான். மனசு தடுமாறுனா காலும் தடுமாறும். அவன் எறங்கி வரட்டும், நானே சொல்லிக்கிறேன்."

சொல்லாமல் இருப்பதுகூட லேசுதான். எழுதுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மதலேனாளுக்குப் படிக்கத் தெரியாது. மருமகள் கடிதத்தைப் படிக்கப் படிக்க, மகன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதுபோல வரிக்கு வரி பதில் சொல்லுவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். 'சாக்ஸ் காயவே மாட்டேங்குது' என்று அவன் எழுதினால், "வயித்து மேல வெச்சிக்கினு படுடா, சூட்டுல காயும். இதுக்குக்கூட நான் அங்க வரணுமா, சோம்பேறி!" என்பாள். அங்கே சோறு அரைவேக்காடாகவே இருக்கிறது, பேஸ்ட் உறைந்து கல்லாகிவிட்டது, குண்டுச் சத்தத்தைவிடப் பக்கத்தில் படுக்கும் அரிகரனின் குறட்டைதான் பெரிய தொல்லை என்று அவன் எழுதும் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு திட்டு தயாராக இருக்கும். சுகந்தி அதை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்புவாள். திட்டு இல்லாமல் ஒரு கடிதம் போனால் போதும், லியோ கண்டுபிடித்துவிடுவான்.

அதனால் அடக்கம் முடிந்த வாரமே சுகந்தி உட்கார்ந்து அத்தை திட்டுவதுபோலவே லியோவைத் திட்ட ஆரம்பித்தாள். சர்க்கரை நோயால் ஆறாமல் கிடந்த அம்மாவின் கால் புண்ணைப் பற்றி அவன் கவலைப்பட்டுக் கேட்டிருந்தான். 'என் காலப் பத்தி நீ இன்னாடா பேசறது, உன் காலப் பாரு. நான் இன்னா சாவப் போறனா? போன வேலையப் பாருடா' என்று எழுதினாள். எழுதும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவதுபோலவே இருந்தது. எழுதி முடித்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அதற்குத்தான் பதில் வந்திருக்கிறது. கொல்லையிலிருந்து வந்த பாஸ்கல் மண்வெட்டியைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"படிம்மா."

சுகந்தி படித்தாள்.

'அம்மா, நீ திட்டுனது வந்து சேந்துது. எல்லாருக்கும் படிச்சிக் காட்டினேன், பங்கரே சிரிச்சிது. சாக்ஸ வயித்து மேலதான் வெச்சிக்கினு படுக்கறேன். கால் வெரலு கறுத்துப் போயிருந்துது, இப்ப பரவால்ல. உன் கால் புண்ணு நெனப்பாவே இருந்துதுன்னு லீவு கேட்டிருந்தேன். என் பேர்தான் மொதல்ல வந்துது. ஆனா நீ திட்டுன திட்டுலயே தெரிஞ்சிபோச்சு, உனக்கு ஒடம்பு தேறிடுச்சுன்னு. அரிகரனோட அம்மாவுக்குப் பெரிய ஆப்பரேஷனாம். அவன் கொறட்ட வுடறதையே வுட்டுட்டான், முழிச்சிக்கினு அழுவறான். என் லீவ அவனுக்குக் குடுத்துட்டேன். இந்தக் கடுதாசிய அவன்தான் கொண்டாந்து போடறான். எனக்கு இன்னா, நீதான் நல்லா இருக்கியே. பனி வழிய மூடிடுச்சுன்னா, இனிமே ஈஸ்டருக்குத்தான் வர முடியும்.'

அதற்கு மேல் சுகந்தியால் படிக்க முடியவில்லை. பாஸ்கல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்த இன்னொரு வாட்டி படி."

"எந்த எடம் மாமா?"

"நல்லா இருக்கியேன்னு எழுதறானே, அது."

படித்தாள். "நான்தான் மாமா. அத்த மாதிரியே திட்டிட்டேன். கொஞ்சம் கொறச்சி எழுதியிருந்தாக்கூட, ஒடம்பு முடியலயோன்னு நெனச்சாவது வந்திருப்பாரு."

"நீ இல்லம்மா. சொல்லாதன்னவன் நான்."

கோயில் மணி அடித்தது. அவர் சிலுவை போட மறந்து உட்கார்ந்திருந்தார். லியோவால் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடியாமல் போய்விட்டது. அவள் குழி மண்ணையாவது ஈரம் காயுமுன் வந்து தொட்டிருப்பான். அதையும் நாமே கெடுத்துவிட்டோமே என்று சுகந்திக்கு நெஞ்சு எரிந்தது.

"இனிமே மறைக்க வேணாம்," என்றார் பாஸ்கல். "உள்ளத உள்ளபடி எழுதிடு."

அவள் தாளையும் பேனாவையும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். 'அன்புள்ள லியோவுக்கு' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க மாமா."

பாஸ்கல் அந்த ஒற்றை வரியைப் பார்த்தார். "பனியில ஒண்டியா குந்திக்கினு படிப்பானே," என்றார். பிறகு, "எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா. உங்க அத்தைய ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்து..." என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழ, பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

கொல்லைப் பக்கமிருந்து வந்த காற்றில் தாள் படபடத்தது. பாஸ்கல் சேறு காய்ந்த கையை நீட்டி, அது பறந்துவிடாமல் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.