மகாதேவா எடுத்த நகல்

மகாதேவாவின் அப்பா தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். நகல் எடுத்து வைக்காமல் அந்த மனிதர் தும்மியதுகூட இல்லை. அதே ரத்தம்தான் மகனுக்கும். கோல சிலாங்கூர் பக்கத்தில் செம்பனை ஆராய்ச்சி நிலையத்தின் கணினி அறைக்கு அதிகாரியான பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டபாடில்லை.

அன்று அவருக்குப் பெரிய சோதனை. தலைமை அலுவலகத்து உமாபதி, நிலையத்தின் கோப்புகளைக் கோலாலம்பூரில் இருந்தபடியே எடுத்துப் பார்க்கப் போகிறார். சரியாக வந்தால் யூனிக்ஸ் இயந்திரம் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் கோலாலம்பூருக்கு லோரி ஏறும், பின்னாலேயே மகாதேவாவும் போகவேண்டியதுதான். டீச்சர் வேலை பார்க்கும் மனைவி கமலாதேவி, ராசா என்ற ஊரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு போன மாதம்தான் வந்து சேர்ந்திருந்தாள். அதுவரை அவர் வாரக்கடைசிப் புருஷன். மறுபடியும் அந்தப் பிழைப்பா என்று நினைத்தாலே அழுகை வந்தது.

வெளியார் வந்து கோப்பு எடுப்பதற்கென்று இயந்திரத்துக்குள் ஒரு தனி அடைப்பு கட்டியிருந்தார். உள்ளே வந்தவருக்கு அடைப்புக்கு வெளியே எதுவும் தெரியாது. வேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்துவிட வேண்டும். கோப்புப் பட்டியல் காட்டும் நிரலுக்கு ஜீரோ என்றொரு டிவைஸ் ஃபைல் வேண்டும் என்றது கையேடு. கேட்கக் கேட்க பூஜ்ஜியமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மகாதேவா அப்பா பிள்ளையாக, வெளியே இருந்த ஜீரோவை உள்ளே நகல் எடுக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது நிலையமே அமர்க்களப்பட்டது. டிஸ்க்கில் இடமில்லை என்று எல்லாத் திரையும் ஒரே பாட்டைப் பாடியது. அவரோடு வேலை பார்க்கும் சுலைகா, பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரின் மகள், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மகா அண்ணே, என்ன செஞ்சீங்க?"

"ஒண்டுமில்லை. ஜீரோவைக் கொப்பி எடுக்கக் குடுத்தனான். இன்னும் முடியேல்லை."

சுலைகா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது எப்படி முடியும்லா? குழாயை உள்ள வைக்கச் சொன்னா, தொறந்து விட்டு ஊரையே முழுகடிச்சிட்டீங்களே."

மகாதேவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நகலை அழித்தார். டிவைஸ் ஃபைலை நகல் எடுக்கக்கூடாது, அதற்கென்று உள்ள கட்டளையால் புதிதாக உண்டாக்க வேண்டும். வியர்வை வழிய வழிய உண்டாக்கி முடித்தபோது தொலைபேசி அடித்தது.

"பட்டியல் அழகா வருது மகா. மெஷின் அங்கயே இருக்கட்டும்," என்றார் உமாபதி. மகாதேவாவுக்கு உயிர் வந்தது. "ஆனா நீங்க அங்க முடங்கிக் கிடக்க வேணாம். எல்லா நிலையத்துக்கும் இதே மாதிரி போட்டுத் தரணும். அடுத்த மாசமே கோலாலம்பூர் வந்துருங்க."

வந்த உயிர் மறுபடி போனது. தன் பிழையை ஒப்புக்கொள்வது மகாதேவாவுக்கு ஆகாத காரியம். கமலாதேவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

"ஐயா, ஒரு விஷயம். நான் முதல்ல அந்த ஜீரோவைக் கொப்பி எடுத்தனான்."

"ஜீரோவையா?"

"ஓம். டிஸ்க் நிரம்பி நிலையமே நிண்டு போச்சுது. வேணுமெண்டா எழுதித் தாறன். ரெண்டு பிரதி."

"வேணாம் மகா. நீங்க அங்கயே இருங்க."

மகாதேவா மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கமலாதேவியை அழைத்து வரவேண்டும்.