சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம்

1

இந்தக் கதை மூன்று வாக்கியங்களிலிருந்து வந்தது. அந்த மூன்றும் என்னுடையவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடியோ எடுக்க வீட்டுக்கு ஒரு கேம்கார்டர் வாங்க ஆசைப்பட்டேன். எதை வாங்குவது என்று தெரியாமல், மிக்ஸி முதல் இஸ்திரிப்பெட்டி வரை எல்லாவற்றையும் பரிசோதித்து மதிப்பெண் போடுகிற ஒரு பத்திரிகையின் பழைய இதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கேமராவுக்குக் கட்டம் கட்டமாக மதிப்பெண்கள். எல்லாவற்றுக்கும் கீழே, பரிசோதித்தவர் எழுதிய முடிவு:

"படம் சுமார். பொத்தான்கள் குழப்பம். இருந்தாலும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை."

முதல் இரண்டும் புரிந்தன. மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுமாரான படம், குழப்பமான பொத்தான், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் இந்த மனிதர்? கேமரா வாங்குவதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இதில் மகிழ்ச்சி இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பரிசோதனைக்கூடத்தின் குளிர்ந்த வெளிச்சத்தில் அவள் தனியாக—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த பக்கத்துக்குள் யாராவது செத்தாக வேண்டும். இது சந்தோஷமான கதை.

இரண்டாவது முயற்சி: "கேமராவைக் கண்டுபிடித்தவனுக்கு மாமியார் இருந்திருக்க—"

இதை எழுதியபோது நானே சிரித்தேன். ஆனால் மாமியார் ஜோக்குகள் எல்லாம் புளித்துப்போய் வெகுகாலம் ஆகிறது. தவிர, இந்த மாமியார் எனக்கு ரொம்பப் பிடித்தவர். அவரை வாசலிலேயே நிற்கவைத்துக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மருமகள். அந்தப் பத்திரிகையில் பொருட்களைப் பரிசோதிப்பவள். அவள் 'அத்தை' என்று கூப்பிடும் மாமியார், 'மாமா' என்று கூப்பிடும் மாமனார். அவ்வளவுதான் ஆட்கள். (கணவன் உண்டு. வேலைக்குப் போயிருக்கிறான். கதை முடிகிறவரை அவன் வரப்போவதில்லை. அவனைத் தேட வேண்டாம்.)

மாமா தையல்காரர். முட்டியில் ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அத்தைக்குப் பள்ளிக்கூடத்துத் தோழிகள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை நால்வருமாக மலைக்குப் போவதாகத் திட்டம். கல்யாணம் ஆனதிலிருந்து மாமா இல்லாமல் அத்தை எங்கேயும் போனதில்லை. பெட்டியில் பாதி அடுக்கி, கூடத்து நாற்காலியில் திறந்தபடியே வைத்திருக்கிறார். மீதியை அடுக்க மனம் துணியவில்லை.

"உங்க மாமா வாக்கர் இல்லாம நடந்தாத்தான் நான் போவேன்," என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். "பகல்ல நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவீங்க. விழுந்து கெடந்தா யாரு தூக்கறது?"

தோழிகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொன்னார்: மாமா நடப்பதைப் படம் பிடித்து அனுப்புங்கள், வாக்கரை விடலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். மருமகளின் கையில் அந்த வாரம் ஒரு கேமரா இருந்தது.

3

இங்கே அந்தப் பத்திரிகையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படத்தின் தரத்தைப் பரிசோதனைக்கூடத்தில் வைத்து அளந்துவிடுவார்கள்: கோடு போட்ட அட்டை, வண்ண அட்டை, விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுக்கும் படங்கள். ஆனால் கையாள்வது எளிதா என்பதை அளக்க அட்டை கிடையாது. அதற்குப் பொருளை வீட்டில் ஒருவரிடம் விளக்கப் புத்தகம் இல்லாமல் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "அது இல்ல, இது" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை செல்லாது.

வெள்ளிக்கிழமை காலை அத்தை கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய பொத்தானை அழுத்தினார். முன்னால் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அணைஞ்சு போச்சு," என்றார் அத்தை.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நம்ம டிவியில அணைச்சாத்தானே சிவப்பு எரியும்? இதுவும் அந்த மாதிரிதான்." மறுபடி அழுத்தினார். விளக்கு போனது. "ஆங், இப்ப ஓடுது. என்னங்க, நடங்க!"

(இந்த இடத்தில் அத்தையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தங்கள் வீட்டு டிவியை ஒருமுறை அணைத்துப் பார்த்துவிட்டு வரவும். நான் காத்திருக்கிறேன்.)

மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படம் ஓடுகிறது என்ற நினைப்பில் முதலில் தலையை வாரிக்கொண்டார். பிறகு 'அம்மாடி', 'அப்பாடி' என்று முனகிக்கொண்டே கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தார். அத்தைக்கு முகம் வாடிவிட்டது. வாடியதைக் காட்டிக்கொள்ளாமல், "பரவாயில்லங்க, நேத்துக்கு இன்னைக்குத் தேவல," என்றார்.

சிவப்பு எரிந்தால்தான் படம் ஓடுகிறது என்று மருமகளுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விதி விதிதான். அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் குளிக்க ஓடினாள். திரும்பி வந்தபோது கேமரா சாப்பாட்டு மேஜைமேல் சிவப்பு எரிய உட்கார்ந்திருந்தது. அதை அணைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

4

இங்கே எனக்கு மாமாவின்மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வருவது நல்லதில்லை. ஆனால் அந்த 'அம்மாடி', 'அப்பாடி' கொஞ்சம் அளவுக்கு மீறிவிட்டதாகப் பட்டது. என் காதுக்கே நாடகமாகக் கேட்டது. விட்டுப்பிடிப்போம் என்று மருமகளின் பின்னாலேயே ஆபீஸுக்குப் போனேன்.

அவள் பெரிய திரையில் படத்தை ஓடவிட்டாள். எதிர்பார்த்ததுதான். மாமா நடந்த நடை ஒன்றுகூட இல்லை. அத்தை 'நிறுத்தியதாக' நினைத்ததெல்லாம் இருந்தது. அத்தையின் செருப்பு. அத்தையின் கட்டைவிரல், மிகத் துல்லியமாக. ஆடிக்கொண்டே போகும் தரை. பிறகு மேஜைமேல் வைத்தது, அசையாமல்: கூடம், வாக்கர், மாமா, நாற்காலியில் பெட்டி.

"நிறுத்தியாச்சு. டீ போட்டுட்டு வரேன், அசையாம உக்காருங்க," என்று அத்தையின் குரல் சமையலறைப் பக்கம் போனது.

மாமா அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். எழுந்தார். வாக்கரை ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜம்மென்று நடந்து பெட்டியிடம் போனார்.

"அடப்பாவி மாமா!" என்று வாய்விட்டுச் சொன்னாள் மருமகள். பக்கத்து மேஜையில் டோஸ்டர் பரிசோதிப்பவர் திரும்பிப் பார்த்தார்.

(முதலில் எழுதியபோது மாமா பெட்டியிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கிழித்துவிட்டார். கிழித்த நிமிஷமே கதை டிவி சீரியலாகிவிட்டது. பின்னணி இசைகூடக் கேட்டது. அதை அடித்துவிட்டேன். அவ்வளவு கெட்ட மனிதரோடு அத்தை இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்க மாட்டார்.)

மாமா எடுத்தது அத்தையின் ஸ்வெட்டரை. மலைக்குப் போகிறவர் ஸ்வெட்டரைக் காணவில்லை என்றால் பயணத்தை ஒரு நாளாவது தள்ளிப்போடுவார் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு ஸ்வெட்டரை உதறி, ஒரு கை, மறு கை, நடுவில் ஒரு மடிப்பு என்று கடையில் மடிக்கிற மாதிரியே மடித்து, பெட்டியில் மேலாக, எடுக்க வசதியாக வைத்தார். அதன்மேல் ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டு வந்து, வாக்கரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோயாளியாக உட்கார்ந்தார்.

மருமகளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த வழியிலேயே போய்விட்டது. இந்த மனிதர் அத்தை இல்லாத வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

5

ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு நின்றபோது மாமாவின் முகம் எப்படி இருந்தது? அதைத்தானே நீங்கள் கேட்கிறீர்கள். அவளும் அதைத்தான் பார்த்தாள். திரும்ப ஓட்டினாள், நிறுத்தினாள், பெரிதாக்கினாள். கூடத்தில் வெளிச்சம் குறைவு. இந்தக் கேமரா வெளிச்சம் குறைந்தால் படத்தைப் புள்ளி புள்ளியாக்கிவிடும். எதைத் தெளிவாகக் காட்டுவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தடுமாறும். சரியாக அந்த நேரத்தில் அது பெட்டியின் கைப்பிடியைத் தெளிவாகக் காட்டியது. மாமாவின் முகம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு மேகம்தான் இருந்தது.

கதாசிரியன் நினைத்தால் இன்னும் நல்ல கேமராவாகக் கொடுத்திருக்கலாம். எனக்குக் காசா பணமா? ஆனால் முகம் தெரிந்திருந்தால் அதை எழுதியிருக்க வேண்டும். அழுதார் என்றோ சிரித்தார் என்றோ எதை எழுதினாலும் மாமா என்னை மன்னிக்க மாட்டார். அதனால் சுமாரான கேமராவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் முடிவுரையை டைப் செய்யத் தொடங்கினாள். "படம் சுமார்." சரி. "பொத்தான்கள் குழப்பம்." அதுவும் சரி. இந்தக் குழப்பம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவள் கையில் ஒரு பொய் நடைதான் இருந்திருக்கும் என்பதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, போன் அடித்தது.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் படத்தை பிசியோதெரபிஸ்டுக்கு அனுப்பிவிடுகிறாள். நியாயம்தான். ஆனால் மாமாவின் மானம் கப்பலேறிவிடுகிறது.

இரண்டாவதில் அவள் படத்தை அழித்துவிட்டு—

இல்லை. அத்தை மலைக்குப் போக வேண்டும். இதில் நான் ஒருபக்கச் சார்புள்ளவன்.

மூன்றாவதில் அவள் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்வெட்டர் மடிப்பு பிரமாதம் மாமா," என்று மட்டும் சொல்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகப்பட்டு நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஏனென்றால் போனில் இருப்பது மாமா இல்லை, அத்தை.

"ஏம்மா, அவங்க மூணு பேரும் பதில் கேட்டு என் உயிர எடுக்கறாங்க. அந்தப் படம் நல்லா வந்திருக்கா?"

பரிசோதிப்பவள் பிழைப்பே இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே திரையில் பழுப்பு மேகம் ஸ்வெட்டரோடு நிற்கிறது. பதிலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்கள் எதைச் சொன்னாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. அவள் முடிவுரையின் மூன்றாவது வாக்கியம் எப்படியும் அச்சில் வந்துவிட்டது, நானே படித்தேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். அங்கே வீட்டில், வாக்கர் கூடத்தில் அப்படியே கிடக்கிறது. அத்தை சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தபடி போனைக் காதில் வைத்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், மூச்சுகூடப் பலமாக விடாமல், மாமா ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டு காலில்.

அத்தை திரும்பினால் போதும்.