ஏழு ராத்தல்

எண்ணூர் உப்புக் கிடங்கின் மேடைத் தராசு, பலகையில் ஒரு பிடி உப்புகூட இல்லாதபோதும் ஏழு ராத்தல் காட்டியது. தினமும் காலையில் எடைக்காரர் வேலப்பன் பலகையைப் பெருக்குவார், துடைப்பார், அடியில் எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. ஆனாலும் தராசுக்கோலின் நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஏழு ராத்தல் இரும்பு வளையம் ஒன்றை அதில் மாட்டினால்தான் மட்டத்துக்கு வரும். வளையம் யார் கண்ணிலும் படாமல் கந்தல் துணியைச் சுற்றிவிடுவார். ஒரு மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டி, தராசுக்கு ஒரு கேடும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனான். ஆறு மாதமாக இந்தக் கூத்து.

கூத்து அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மூட்டையை ஏற்றினால் கோல் அசையாமல் நிற்கும். ஆள் ஏறினால் நிற்காது. மூச்சு இருக்கிற உடம்பல்லவா, நுனி லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கோலைப் பிடிக்கிற விரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகுமா? காலிப் பலகையின் அந்த ஏழு ராத்தலும் துடித்தது. வேலப்பனுக்குப் பட்டப்பகலில் பயமாக இருந்தது, இதை வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானக் கஞ்சி நேரத்தில் பேச்சு வழக்கம்போலக் குத்துச்சண்டைக்கு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் வெள்ளிப் பட்டை கட்டப்போகிறார்கள். எடைவாரியாகப் பிரித்து அல்ல. கனத்தவன், ஒல்லி எல்லாரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் முதல் ஆள் யாரோ, அவனுக்கு.

"யானை எலிய மிதிக்கறதுலாம் ஒரு வீரமா?" என்றான் மூட்டை தூக்குகிற எத்திராஜ். "அல்லாரையும் ஒரே எடைன்னு நெனச்சிக்கோ. ராத்தலுக்கு ராத்தல் எவன் ஒசத்தி? லட்சுமணன்தான். தன்னவிட பத்து ராத்தல் ஜாஸ்தி இருந்தவனையெல்லாம் படுக்க வெச்சவன்டா அவன்."

"செத்துப் போனவனுக்கு இடுப்பு எங்க கீது, பட்டை கட்ட?" என்றான் கருணாகரன். "அதே ராத்தல் கணக்குலதான் நானும் சொல்றேன். நூத்தி நாப்பதுக்கு நூத்தி நாப்பது. ஒரே எடையில அவன உழ வெச்சது நம்ம ரகுபதி. எடை போட்டது யாரு? வேலப்பன் நைனா. அப்பாலே இன்னா பேச்சு?"

எல்லாரும் வேலப்பனைப் பார்த்தார்கள். அவர் உப்புக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு கஞ்சிக்கு உப்புத் தேடுகிறவர்போலச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் நடந்த அந்தச் சண்டைக்கு முன்னால் இதே பலகையில்தான் இருவரையும் ஏற்றினார்கள். வேலப்பன் கையில் பொய் வராது என்று இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரையும் நம்பியது. லட்சுமணன் பேசிவைத்த எடைக்குச் சரியாக நூற்று நாற்பது. வேலப்பனின் சொந்தப் பரம்பரைக்காரனான ரகுபதி, அக்கா கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து நூற்று நாற்பத்தேழு நின்றான். வேலப்பன் கந்தல் சுற்றிய வளையத்தைச் சத்தமில்லாமல் மாட்டி, "நூத்தி நாப்பது!" என்று கூவினார். ரகுபதிக்கே தெரியாது. அரைக் குடம் தண்ணீர் கனம்கூட இல்லை, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தார். ஆறாவது ரவுண்டில் அந்த ஏழு ராத்தலும் சேர்ந்துதான் லட்சுமணன் காதில் இறங்கியது. எழுந்துவிட்டான், ஆனால் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை, மீன் பிடிக்கப் போகிற கட்டுமரத்தில் கால் நிற்கவில்லை. இரண்டாம் மாதம் மரம் மட்டும் கரைக்கு வந்தது. உடம்பு வரவேயில்லை. அவன் மனைவி செல்லம்மா இப்போது இதே கிடங்கில், ஐந்தாறு கஜத்துக்கு அப்பால், மூட்டைக்கு உப்பு அள்ளிக்கொண்டிருந்தாள். தினமும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் மூட்டையை எடை போடுவது வேலப்பனுக்குப் பழகிவிட்டது.

கால்வாயில் தோணியைக் கட்டிவிட்டு ரகுபதி உள்ளே வந்தான். "நைனா, ரெண்டு பரம்பரையும் ஒத்துக்கினாங்க. நீ யார் பேர சொல்றியோ அவனுக்குத்தானாம் பட்டை. சொல்லிடு."

வேலப்பன் எழுந்து தராசுக்குப் போனார். எதைக் கூவினாலும் கோலைப் பிடித்துக்கொண்டே கூவிப் பழக்கம் அவருக்கு. "ரகு..." என்று ஆரம்பித்தார். விரலுக்கடியில் துடிப்பு வேகமெடுத்தது. ஓடிவந்து ஏறியவனின் துடிப்பு. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் சாகிறவரை அது நிற்காது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

கந்தலைப் பிடித்து இழுத்தார். வளையம் வெளியே தெரிந்தது.

"அன்னிக்கி நீ நூத்தி நாப்பத்தேழு. இது அன்னிக்கும் இங்கதான் தொங்கினு இருந்துச்சு. நான்தான் மாட்டினேன். லட்சுமணன்தான்டா மொத ஆளு."

"இன்னா நைனா, வெயிலு ஏறிச்சா?" என்றான் கருணாகரன். அவன் குரலில் வலு இல்லை. வாதத்தில் ஜெயித்த எத்திராஜ் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். ரகுபதி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லம்மா கூடையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். உப்பு அறுத்த கைகள் அவளுக்கு. முகத்தில் துப்புவாள் என்று வேலப்பன் காத்திருந்தார். துப்பினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. காலிப் பலகைக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில் பார்த்தாள்.

"கேட்டுக்கினியா? சொல்ட்டாரு. எறங்கு. வூட்டுக்குப் போலாம்."

வளையம் தொங்கிய கோல் டங்கென்று கீழே விழுந்து, இரண்டு தரம் ஆடி, அசையாமல் நின்றது. அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். வழியில் நின்றிருந்த ரகுபதி, அவள் போன பிறகும் இன்னும் ஒரு அடி ஒதுங்கி, தலைகுனிந்து இடம் விட்டான்.