சாம்பிள் மாறாமல்

எழுத்தாளர் ஆகிவிட வேண்டும் என்ற ஆசை நஜீமுதீனுக்கு ஐம்பது வயதில் வந்தது. காய்ச்சல் என்றாலாவது மாத்திரை போட்டு அடக்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற மனுஷன். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் சாம்பிளில் ஒரு தையல் கோணலாக இருந்தால், அந்தக் கோணலையும் மாற்றாமல் தைத்து அனுப்பியே பேர் வாங்கியவர். "நம்ம மூளைய அதுல காட்டக் கூடாதுங்க" என்பார்.

ஆகவே, எழுத்தாளர் ஒருவர் தான் பட்ட பாட்டையும் எழுதப் பழகிய விதத்தையும் சொல்லும் புத்தகம் கையில் கிடைத்ததும் அதைச் சாம்பிளாகவே எடுத்துக்கொண்டார். ஒரு அத்தியாயம் படிப்பது, அதை அப்படியே வாழ்ந்து முடிப்பது, பிறகுதான் அடுத்தது.

முதலில் எழுத்தாளர் பட்டினி கிடந்தார். இவரும் வீட்டில் பிரியாணி மணக்க மணக்கப் பட்டினி கிடந்தார். எழுத்தாளர் ஒவ்வொரு வரியையும் பத்து முறை அடித்துத் திருத்துவாராம். இவர் இன்னும் எழுதாத வரியைப் பத்து முறை அடித்தார். பிறகு வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரன் எழுத்தாளரைத் தெருவில் தள்ளினான். இவருக்கோ சொந்த வீடு. கம்பெனி மேனேஜர் முருகேஷைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். முருகேஷ் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்குங்க மொதலாளி" என்று பயபக்தியோடு தள்ளினான்.

"புஸ்தகத்துல காலரப் புடிச்சுத் தள்றான்" என்று முதலாளி மறுபடி உள்ளே வந்து நின்றார்.

அடுத்த அத்தியாயத்தில் எழுத்தாளரின் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள்.

"ஜெய்பு, நீ வெள்ளகோவில் உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு" என்றார் மனைவி ஜெய்புன்னிசாவிடம். "கோவிச்சுக்கிட்டுப் போகோணும்."

"எனக்குக் கோபம் இல்லீங்களே."

"சாம்பிள்ல இருக்குது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

அடுத்த அத்தியாயத்தில் எழுத்தாளரின் மனைவி திரும்பி வருவாள் என்று நஜீமுதீன் நிம்மதியாகப் படித்தார். வரவில்லை. தானே போட்ட விதியை மீறிக் கடைசிப் பக்கத்துக்கே ஓடினார். அங்கே எழுத்தாளர் விருதை மடியில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். நஜீமுதீன் ஜெய்புன்னிசாவுக்குப் போன் போட்டு அந்தக் கடைசிப் பக்கத்தைச் சொன்னார்.

"தெரியுங்க. நான் கெளம்பறதுக்கு முன்னாலயே பூராவும் படிச்சுட்டேன்" என்றாள் ஜெய்புன்னிசா. "அந்தம்மா திரும்பி வரவே இல்லீங்க. சாம்பிள மாத்தக் கூடாதுங்களே?"

"அந்த ஒரு எடத்துல மட்டும் மாத்திக்கலாம், ஜெய்பு."

"அப்ப அதுல இல்லாத ஒரே ஒரு வரி நீங்களாச் சொல்லுங்க. வர்றேன்."

"நீ இல்லாத வீடு, எழுத்தில்லாத காகிதம்..."

"அது அஞ்சாவது அத்தியாயங்க."

"என் பேனாவுக்கு நீதான்..."

"அதுக்கு அடுத்த பக்கம்."

எழுத்தாளர் ஆகப்போகிறவருக்குச் சொந்தமாக ஒரு வரிகூட வரவில்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஊட்டுல உப்பு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல, ஜெய்பு. நீ போனதுலயிருந்து உப்பில்லாமத்தான் திங்கறேன். இப்ப சோறு வேற அடிப்புடிக்குது. பயமா இருக்குது."

"இது புஸ்தகத்துல இல்லீங்க" என்றாள். "மொதல்ல அடுப்ப அணைங்க. மத்தியான பஸ்ஸுக்கு வந்தர்றேன்."

நஜீமுதீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பேனாவைத் திறந்து, அந்த உப்பு வரியை எழுதிவைத்தார். சாம்பிள் இல்லாமல் அவர் செய்த முதல் சரக்கு அதுதான்.