ஒட்டுப் போட்ட காற்று

"கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கு வழி விட்டுட்டு நடக்குறோமே டீச்சர், அவங்களுக்குக் கால் வலிச்சா எங்க உக்காருவாங்க?"

ஏழாம் வகுப்பு நந்தினி இதைக் கேட்டபோது மதிவதனி கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். மலையை வலம் வருகிறவர்கள் பாதையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் உருவமில்லாமல் நடக்கிற வழி என்று அடி அண்ணாமலையில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போதே சொல்லிவிடுவார்கள். மதிவதனியும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அவர்களுக்கும் கால் வலிக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு" என்று சிரித்து வைத்தாள்.

நந்தினிக்குப் பார்வை மங்கல். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பலகை எழுத்து அவளுக்கு வெள்ளைப் புகைதான். கண்ணாடியால் ஆகிற காரியமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக அந்தப் பிள்ளை வகுப்பில் ஓர் ஓரமாக இருந்துவந்தது. அந்த ஆண்டு, ஊரில் உள்ள ஓர் அறக்கட்டளை அரசுப் பள்ளி ஆசிரியர்களின் புதுத் திட்டங்களுக்கு நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு, மதிவதனி ஒன்றை எழுதி அனுப்பினாள். மலைப்பாதையின் ஒலிகளைப் பிள்ளைகளே பதிவு செய்து, எது பறவை, எது வண்டி, எந்த நேரத்தில் எந்தச் சத்தம் கூடுகிறது என்று ஆராய்கிற திட்டம். பணம் வந்தது. ஒலிப்பதிவுக் கருவிகளும் காதில் மாட்டும் ஹெட்போன்களும் வாங்கி, பள்ளியில் ஓர் ஒலி மன்றம் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் நந்தினி அந்த மன்றத்தின் தலைவி ஆகிவிட்டாள். குயிலின் ஆணையும் பெண்ணையும் குரலிலேயே பிரித்தாள். செங்கம் போகிற பேருந்துகளில் எது பழைய வண்டி என்று சொன்னாள். மற்ற பிள்ளைகள் அவளிடம் சந்தேகம் கேட்டு வரிசையில் நின்றார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மதிவதனி மலைப்பக்கம் திரும்பி மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வாள்.

பௌர்ணமி இல்லாத நாளில் உச்சி வெயிலின் ஒலி எப்படி இருக்கும் என்று பார்க்க, பாதையின் மலைப்பக்கத்து வேப்பமரத்தில் ஒரு கருவியைக் கட்டிவிட்டு வந்தார்கள். மரத்தைத் தேர்ந்தெடுத்தவள் நந்தினி. சித்தர்கள் உட்காருவதென்றால் அங்கேதான் உட்காருவார்கள் என்றாள்.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து அதைக் கேட்டார்கள். சில்வண்டுகளின் இரைச்சல். தூரத்தில் ஒரு டிராக்டர். பிறகு சருகு நொறுங்கியது. ஓர் அடி, இன்னோர் அடி. அவசரமில்லாத, செருப்பில்லாத நடை. அது மரத்தடிக்கு வந்து நின்றது. மெத்தென்று ஏதோ கீழே வைக்கப்பட்டது. நெடுந்தூரம் சுமந்து வந்தவர் விடுகிற மாதிரி ஒரு மூச்சு. அதோடு சில்வண்டுகள் மொத்தமாக அடங்கிப்போயின. அந்த அமைதி நீண்டுகொண்டே போயிற்று. பிறகு அதே காலடிகள் எழுந்து நடந்தன.

"ஆடு டீச்சர்" என்றான் வல்லரசு. அவன் குரல் பிசிறியது. "எங்க சித்தப்பா ஆடு இப்டித்தான் நடக்கும்."

"உங்க சித்தப்பா ஆடு ரெண்டு காலுல நடக்குமாடா?" என்றாள் நந்தினி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஏதோ கனமா தூக்கினு வந்து எறக்கி வெச்சிருக்காங்க டீச்சர். போறப்ப அந்தக் கனம் இல்ல. அடி லேசா விழுது."

அன்று மாலையே மதிவதனி போய்ப் பார்த்தாள். மரத்தடியில் எதுவும் இல்லை. முந்தின நாள் உச்சி வெயிலில் அங்கே யார் வந்தது என்று எதிர்ப்புறம் மோர்க்கடை வைத்திருக்கும் சந்திரம்மாளைக் கேட்டாள்.

"யாரும் வரலம்மா. வெயிலு மண்டையப் பொளந்துச்சு, காக்கா கூட வரல. பசங்க பொட்டிய எவனாவது அவுத்துனு போயிடப் போறான்னு நான் அந்த மரத்தையேதான் பாத்துனு இருந்தேன். எழுந்து தண்ணி குடிக்கக்கூட போவல" என்றாள் சந்திரம்மாள்.

அந்தப் பதில் மதிவதனியோடு வேங்கிக்காலில் உள்ள வீடு வரை வந்தது. ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது காலடி அல்ல. திட்டத்தைப் பார்வையிட வரவிருந்த சக்கரபாணி. அவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், அறக்கட்டளைக் குழுவில் இருப்பவர். போனிலேயே சொல்லிவிட்டார்: "போன வருஷம் ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் கார்னர்னு காசு வாங்கிட்டு ராசிபலன் சார்ட் மாட்டி வெச்சிருந்தாங்கம்மா. அப்பவே கிராண்ட நிறுத்திட்டேன். நீங்க அப்படி இல்லைன்னு தெரியும்." இந்தக் காலடியைக் கேட்டால் இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். நிதி நின்றால் கருவிகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நந்தினி மறுபடியும் வெள்ளைப் புகைக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான்.

அவர் வருவதற்கு முன்தினம், பிள்ளைகள் போன பிறகு, பள்ளிக் கணினியில் மதிவதனி அந்தக் காலடிகளை வெட்டி எடுத்தாள். இந்தப் பக்கத்துச் சில்வண்டையும் அந்தப் பக்கத்துச் சில்வண்டையும் சேர்த்து ஒட்டினாள். திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. யாருக்கும் கெடுதல் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல மனிதர்கள் தவறு செய்யும்போது சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்.

சக்கரபாணி வந்தார். ஒவ்வொரு பதிவாகக் கேட்டு, பிள்ளைகளைக் கேள்வியால் துளைத்து, அவர்கள் பதிலில் மகிழ்ந்து, கடைசியாக வேப்பமரத்துப் பதிவுக்கு வந்தார். நந்தினியும் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நடுவில் ஓரிடத்தில் அவள் தலை சட்டென்று நிமிர்ந்ததை மதிவதனி பார்த்தாள்.

"அருமை! பதிவு பண்ணது அப்படியே இருக்குல்ல? எதையும் வெட்டலையேம்மா?" என்று அவர் நந்தினியைத்தான் கேட்டார்.

நந்தினி முகத்தை மதிவதனி நின்ற திசைக்குத் திருப்பினாள். அந்தத் தூரத்தில் அவளுக்கு ஒரு நிழல்தான் தெரிந்திருக்கும்.

"இல்ல சார், வெட்டல."

எல்லோரும் போன பிறகு, மதிவதனி தாழ்ந்த குரலில் கேட்டாள். "உனக்குத் தெரிஞ்சுதா?"

"காத்து மாறுச்சு டீச்சர். துணி ஒட்டுப் போட்டாப்ல."

"பின்ன ஏன் அப்டி சொன்ன?"

"நீங்க மூச்சு விடாம நின்னுட்டு இருந்தீங்க. எனக்குக் கேட்டுச்சு."

அடுத்த ஆண்டுக்கும் நிதி உறுதி என்று அறக்கட்டளையிலிருந்து செய்தி வந்தது. தலைமையாசிரியர் எல்லோருக்கும் கேசரி வாங்கித் தந்தார். நந்தினி மட்டும் மன்றத்துக்கு வந்து, ஹெட்போனை வல்லரசுவிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல், "இப்ப எதக் கேட்டாலும் இது நெஜந்தானா, யாராவது ஒட்டுனதானு தோணுது டீச்சர்" என்றாள்.

காதை மட்டுமே நம்பி உலகத்துக்குள் வந்த பிள்ளை அது. தனக்காக அது ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று மதிவதனிக்கு உறைத்தது.

சனிக்கிழமை, விடுமுறை நாள். உச்சிப் பொழுதில் அவள் தனியாக அந்தப் பாதைக்கு வந்தாள். சந்திரம்மாளின் கடை பூட்டியிருந்தது. தார்ச்சாலை வெயிலில் தண்ணீர் தேங்கியது போல் மின்னியது. மனித நடமாட்டமே இல்லை. வேப்பமரத்தடியில் நின்று, முழுப் பதிவையும் வாட்ஸ்அப்பில் சக்கரபாணிக்கு அனுப்பினாள். அதன் கீழே தன் குரலைப் பதிந்தாள். "சார், நீங்க அன்னிக்குக் கேட்டது முழுசு இல்ல. நான்தான் பயந்துகிட்டு வெட்டினேன். பிள்ளைங்க கேட்ட சத்தம் இது. யாரோட சத்தம்னு எங்களுக்குத் தெரியல, தெரியாதுன்னே எழுதியிருக்கணும். நந்தினி என்னைக் காப்பாத்தத்தான் இல்லைன்னு சொன்னா. அந்தப் பொய் அவளோடது இல்ல சார், என்னோடது. கருவிய வாங்கிக்கிறதுன்னா என்கிட்ட கேளுங்க. அவகிட்ட எதுவும் கேக்காதீங்க."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நந்தினியிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னால் அந்தப் பிள்ளை அதற்கும் வருத்தப்படும்.

சில்வண்டுகள் இரைந்துகொண்டிருந்தன. வேர்வை புருவத்தில் இறங்கியது. திரும்பிப் போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தபோது இரைச்சல் நின்றது. ஒவ்வொன்றாக அல்ல, ஒரே கணத்தில் மொத்தமும். ஓர் இலை அசையவில்லை. தன் இடது தோளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், யாரோ நிற்பது போல அந்தப் பக்கத்து வெயில் மட்டும் தணிந்திருப்பதை அவள் உணர்ந்தாள். பயமாக இல்லை. திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை.

கையிலிருந்த திரையில், அவள் குரலுக்குப் பக்கத்திலிருந்த சின்ன மைக் அடையாளம் நீலமாக மாறியது. கேட்டாயிற்று.