மே மாதத்துக் கடற்பாசி சூப்

என் அக்கா ஓக்சனுக்கு மோவாயில் ஒரு மச்சம் உண்டு. எனக்குக் கிடையாது. சுவோன் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்த எலும்பு சூப் கடைக்கு நான் வேலை கேட்டுப் போன அன்றே முதலாளி ஜொங்மி அதைக் கவனித்துவிட்டாள். நான் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

"மச்சம் எங்க போச்சு?"

"எடுத்துட்டேன்."

"எடுத்தா வடு இருக்குமே." சிரித்தாள். "சரி விடு, பூண்டு உரிக்க மச்சம் எதுக்கு? உன் நெஜப் பேரு என்ன?"

"ஹேரான்."

"எங்கிட்ட மட்டும் ஹேரான். வெளியில ஓக்சன். என்னை அக்கான்னே கூப்பிடு. முதலாளியம்மான்னா எனக்கே வயசானாப்ல இருக்கு."

நானும் அக்காவும் சீனப் பக்கத்துக் கொரியர்கள். பேசுவது ஒரே மொழி, தின்பது ஒரே கிம்ச்சி, ஆனால் கொரியாவில் வேலை செய்ய எங்களுக்கு அட்டை வேண்டும். என் அட்டையின் காலம் முடிந்து, நீட்டித்துத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் என் அக்கா, தன் அட்டை தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை என் கையில் கொடுத்தாள். மாட்டினால் நான் மட்டும் போகமாட்டேன், அவளும் சேர்ந்துதான் ஊர் போய்ச் சேர வேண்டும். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஜொங்மிக்கும் தெரியும், நான்தான் சொன்னேன்.

அட்டை எண்ணைச் சொல்லி அது செல்லுமா என்று கேட்க அரசாங்கத்தின் தொலைபேசி எண் ஒன்று இருக்கிறது. ஜொங்மி அதைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டால் பதில் சொல்லிவிடுவார்களே. அட்டையை நகலெடுத்துக் கல்லா மேசைக்குள் போட்டுவிட்டு என்னை அடுப்படிக்கு அனுப்பினாள். வாடிக்கையாளர்கள் என்னைச் சித்தி என்றார்கள். சூப் கடையில் பரிமாறுகிற பெண்கள் எல்லோருமே ஊருக்கெல்லாம் சித்திகள்தான். "சித்தி, இன்னும் கொஞ்சம் முள்ளங்கி", "சித்தி, நாப்கின்". அதில் பாசம் ஒன்றும் கிடையாது என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஜொங்மியின் பாசத்தை நான் நம்பினேன். முதல் வருஷம் முட்டைக்கோஸை உப்பிலிட்டுக் குளிர்காலக் கிம்ச்சி போடும் வாரத்தில், இரண்டு பேரும் முழங்கை வரை மிளகாய் விழுதோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்:

"உன்னைப் பெத்துட்டு உங்கம்மா எப்போ கடற்பாசி சூப் குடிச்சாங்க?"

பிள்ளை பெற்றவள் குடிப்பது அந்த சூப். அதனால்தான் பிறந்தநாள்தோறும் குடிக்கிறோம். இப்படித்தான் நவம்பர் மாதக் குளிரில், முட்டைக்கோஸ் மலைக்கு நடுவில் நான் பிறந்தேன், நாளைக்குத்தான் பிறந்தநாள் என்று சொன்னேன். அடுத்த நாள் காலை என் முன்னால் மாட்டிறைச்சி போட்ட கடற்பாசி சூப் இருந்தது. தினமும் வரும் டாக்ஸிக்காரர் பியோனுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். "எங்க சித்திக்குப் பொறந்தநாள், குடிங்க" என்றாள். அடுத்த வருஷமும் நவம்பரில் அதே சூப், அதே பியோன்.

ஊரை விட்டு வந்த பிறகு எனக்காக ஒருத்தரும் அடுப்பு மூட்டியதில்லை. அந்தச் சூப்புக்காக நான் அவள் கடையில் நாயாக உழைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்றாவது வருஷம் மே மாதத்தில் ஒரு மத்தியானம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, ஜொங்மி ஒரு கிண்ணம் கடற்பாசி சூப்பைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எல்லாரும் கேளுங்க, எங்க ஓக்சனுக்கு இன்னைக்குப் பொறந்தநாள்."

அது அக்காவின் பிறந்தநாள். அட்டையில் இருக்கும் தேதி. நான் அவள் காதோரம் குனிந்தேன்.

"அக்கா, இது என்னோடது இல்லையே."

"பேசாம குடி. சிரி."

ஃபோனில் படம் எடுத்தாள். நான், சூப், பின்னால் சுவரில் நாள்காட்டி. மூலை மேசையில் பியோன் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அட்டை கொடுத்த என் அக்காவுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கியது. அதோடு விட்டேனா, மீதி சூப்பை டப்பாவில் ஊற்றிக்கொண்டு போய் அக்காவுக்கும் கொடுத்தேன்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

"இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன திடீர்னு என் பொறந்தநாள் ஞாபகம்?"

"உனக்கு எதுலயும் குத்தம்தான். ஒருத்தி நல்லது செஞ்சா வாங்கிக்கத் தெரியாது உனக்கு."

"போட்டோ எதுக்குடி?"

"ஆசையா எடுத்தா. போதுமா?"

அக்கா டப்பாவைக் கழுவிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மத்தியானக் கூட்டம் கலைந்து, நான் எலும்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். தலைமையாக வந்தவர் அமைதியான மனிதர். என் அட்டையை வாங்கி, கையில் இருந்த கருவியில் எண்ணைத் தட்டினார்.

"இது தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்த அட்டை. நீங்க யாரும்மா?"

நான் ஜொங்மியைப் பார்த்தேன். அவள் கல்லா மேசையிலிருந்து நகலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், வேலைக்குச் சேர்க்கும்போதே அட்டையைப் பார்த்துத்தான் சேர்த்தேன். நகல் இருக்கு பாருங்க. இவ ஓக்சன்தான்னு நம்பிட்டேன்."

"போன மாசமே இந்தத் தெருக் கடை எல்லாத்துக்கும் சொல்லி அனுப்பினோமே. எண்ணைக் கூப்பிட்டுச் சரி பாருங்க, சோதனைக்கு வருவோம்னு."

"தப்புதான் சார். கூடப்பிறந்தவ மாதிரி வச்சிருந்தேன், சந்தேகப்படத் தோணலை. இதைப் பாருங்க." ஃபோனை நீட்டினாள். "போன வாரம்தான் அட்டையில இருக்கற தேதிக்குப் பொறந்தநாள் சூப் வச்சுக் கொடுத்தேன். தெரிஞ்சிருந்தா வைப்பேனா? அவளும் உக்காந்து சிரிச்சுக்கிட்டே குடிக்கிறா பாருங்க."

அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் ஒரு நல்லவளை ஏமாற்றியவள்.

போன மாதமே அவளுக்குத் தெரியும். 'நாளையிலிருந்து வராதே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பிழைத்திருப்பேன், அக்காவும் பிழைத்திருப்பாள். அதைச் சொல்லாமல் அவள் கடற்பாசி ஊறவைத்திருக்கிறாள். நான் ஓடிவிட்டால், பிறகு பிடிபட்டு வாயைத் திறந்தால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டிருப்பாள். தெரிந்தே வேலைக்கு வைத்தால் முதலாளிக்கும் அபராதம் உண்டு; அதிலிருந்து தப்பத்தான் அந்தப் படம்.

"அவங்களுக்குத் தெரியும்" என்றேன். "எனக்குப் பொறந்தநாள் நவம்பர்ல. ரெண்டு வருஷம் நவம்பர்லதான் சூப் வச்சாங்க. பியோன் அண்ணனைக் கேளுங்க, அவரும் குடிச்சார்."

பியோன் தன் வழக்கமான மூலையில்தான் இருந்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"நான் சாப்பிட வர்றவன் சார்" என்றார் பியோன். "எந்த மாசம் எந்த சூப் குடிச்சேன்னு யாருக்கு ஞாபகம்?"

ஜொங்மி என் மேல்சட்டையைக் கொண்டுவந்து தோளில் போட்டுவிட்டாள். அப்போதும் அவள் கை இதமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டி வந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்த கிழவருக்கு அன்று கஞ்சி ஊட்ட ஆள் இல்லையாம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே விமானத்தில் இரண்டு பேரையும் சீனாவில் எங்கள் ஊரான யான்ஜிக்கு அனுப்பினார்கள்.

நவம்பரில் ஊரில் பனி கொட்டியது. அக்கா முட்டைக்கோஸைப் பிளந்துகொண்டிருந்தாள், நான் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன். என் ஃபோனில் ஒரு குரல் பதிவு வந்தது. ஜொங்மி.

"ஹேரான், எப்படி இருக்க? இன்னைக்குத்தானே உன் பொறந்தநாள். கடற்பாசி சூப் குடிச்சியா? இங்க எனக்குக் கைகால் ஓடலை. புதுசா வந்தவ போட்ட கிம்ச்சி ஒரே கரிப்பு. நீ நூறு முட்டைக்கோசுக்கு எவ்வளவு உப்பு போடுவ? கொஞ்சம் சொல்லேன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். பதிவை மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். ஹேரான் என்று எவ்வளவு உரிமையாகக் கூப்பிடுகிறாள்.

பொத்தானை அழுத்திப் பதில் சொன்னேன்.

"ஆள் மாறிக் கூப்பிட்டுட்டீங்கம்மா. உங்க கடையில ஹேரான்னு யாரும் வேலை பார்க்கலை. இருந்தது ஓக்சன்தான்னு அதிகாரிகிட்ட நீங்கதான் சொன்னீங்க."

பிறகு அக்காவும் நானும் மீதி முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டு முடித்தோம்.