பதினேழாம் மரத்து இலை

சாப்பாட்டு நேரத்துக்குள் லிகாயா பதினேழாம் மரத்தைப் பற்றி மூன்று முறை பேசிவிட்டாள். மாகிலிங் மலைச்சரிவில் நிற்கும் நாற்பது லவான் மரங்களின் உச்சி இலைகளில் எந்தெந்த பாக்டீரியா குடியிருக்கின்றன, அவற்றை அங்கே தங்கவைப்பது எது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முப்பத்தொன்பது மரங்களில் வெயிலைத் தாங்கும் வகைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. பதினேழில் மட்டும் மண்ணில் வாழ்பவை மண்டிக் கிடந்தன.

"பக்கத்துல ஓடுற ஓடையோட ஈரம்தான் காரணம்க்கா. திங்கட்கிழமை ஆய்வுக் குழு முன்னாடி இதைத்தான் சொல்லப்போறேன். எனக்கு லாட்டரியே அந்த மரம்தான்."

எடெலின் சோற்றின் மேலிருந்த காய்ந்த மீனைக் கரண்டியால் புரட்டிக்கொண்டிருந்தாள். இலைகளைச் சேகரித்து வந்த உதவியாளர் அவள்தான்.

"என்ன, மீன் கெட்டுப்போச்சா? முகம் ஏன் அப்படிப் போகுது?"

இரண்டு மாதத்துக்கு முன்பு இலை பறிக்கப் போன அன்று, பட்டியலில் பதினேழுதான் கடைசி மரம். மரமேறும் நெஸ்டோரைக் குளவி கொட்டி, காது அப்பம்போல் வீங்கியிருந்தது. எடெலின் அவனைக் கீழே அனுப்பிவிட்டாள். ஒரே ஒரு மரத்துக்காக மறுநாளும் மூன்று மணி நேரம் மலையேற வேண்டும். மரத்தடியில் அதே இனத்துக் கன்று ஒன்று, மழைச்சேறு தெறித்து நின்றது. கையுறை மாட்டி, முறைப்படி பறித்து, பையின் மேல் '17, உச்சி' என்று எழுதினாள்.

நெஸ்டோரின் மேல் இரக்கப்பட்டதாக இரண்டு மாதமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். மழையைப் பழித்தும் பார்த்தாள். எந்தச் சாக்கும் நிற்கவில்லை. அவளுக்குக் கால் வலித்தது, வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அதுவும் போகட்டும். அந்தப் பெண் இந்தப் பதினேழைப் பிடித்துக்கொண்டு மகிழ்ந்த ஒவ்வொரு நாளும் பேசாமல் இருந்தாளே, அதற்குக் கால்வலியைச் சொல்ல முடியாது.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது உச்சி இலை இல்ல, லிகாயா. அடியில நின்ன கன்னுல பறிச்சேன். முட்டி உயரம்கூட இருக்காது."

விளையாட்டு என்று நினைத்து லிகாயா சிரித்தாள். எடெலின் நிமிரவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

"அதான் மண்ணுல வாழ்றதெல்லாம் வந்திருக்கு" என்றாள். "இலை சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் ஓடையைத் தேடிட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எடெலினுக்கு. நாளைக்கே நெஸ்டோரைக் கூட்டிப்போய் உச்சி இலை கொண்டுவருவதாகச் சொன்னாள். இரண்டு மாதம் தள்ளிப் பறித்த இலையை மற்றவற்றோடு வைக்கமுடியாது, பதினேழை நீக்கத்தான் வேண்டும் என்றாள் லிகாயா. குரலில் கோபமே இல்லை.

"வேற எந்த மரத்துலக்கா இப்படி?"

"வேற எதுவும் இல்ல. சத்தியமா."

"சரி."

லிகாயா களக்குறிப்பேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். பக்கம் முழுக்க எடெலினின் கையெழுத்து. லிகாயாவின் விரல் முதல் மரத்தில் போய் நின்றது.